பந்தயத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஏற்ற பழைய பாய்மரப் படகு: எதைப் பார்த்து வாங்குவது?

நெய்தல் எழுதியது:

வணக்கம். பிறருடைய பாய்மரப் படகுகளில் பந்தயக் குழுவில் ஒருவனாகவும், வாடகைப் படகுகளில் மனைவியோடு கரையோரப் பயணியாகவும் சில ஆண்டுகள் கழிந்த பிறகு, இப்போது சொந்தமாக ஒன்று வாங்குவதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். புதிய படகு எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. ஆகவே 32 அடிக்கும் 36 அடிக்கும் இடைப்பட்ட நீளமுள்ள, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய படகைத் தேடுகிறோம்.

எங்கள் தேவை இருவகைப்பட்டது. வார இறுதிகளில் நடக்கும் மன்றப் பந்தயங்களில் ஒழுங்காகக் கலந்துகொள்ள வேண்டும். ஓர் இரவைக் கடலில் கழிக்க நேரும் நீண்ட பந்தயங்களிலும் எப்போதாவது ஈடுபட வேண்டும். விடுமுறை வந்தால் இரண்டு மூன்று வாரங்கள் படகிலேயே தங்கி, துறைக்குத் துறை நங்கூரமிட்டுப் போக வேண்டும். பந்தயத்துக்கு நாலைந்து நண்பர்கள் கைகொடுப்பார்கள். பயணத்துக்கு நாங்கள் இருவர் மட்டும்தான்.

இதுவரை எங்கள் கண்ணில் பட்டவை பெனட்டோ ஃபர்ஸ்ட் 36.7, ஜே 105, ஜே 109, ஜனோ சன் ஃபாஸ்ட் 3200 ஆகியவை. மூத்த நண்பர் ஒருவரோ, “1980க்குப் பிறகு கட்டியதெல்லாம் தகரம், கான்டெஸா 32 போன்ற கனமான பழைய படகை வாங்கினால்தான் உயிருக்கு உத்தரவாதம்” என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர், இரண்டு வேலைக்கும் ஏற்ற படகென்று ஒன்று உலகத்திலேயே கிடையாது, இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் படகுதான் உண்டு என்கிறார்.

இவற்றில் எது உண்மை? பழைய படகைப் பார்க்கப் போகும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வாடைக்காற்று எழுதியது:

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படகின் உடலமைப்பைப் பொறுத்தவரை, கடந்த முப்பது ஆண்டுகளில் வடிவமைக்கப்பட்ட நல்ல படகுகளில் பந்தயத்துக்கும் பயணத்துக்கும் இடையே பெரிய பகை இல்லை. பகை இருப்பது எடையிலும் பாய்களிலும்தான். இவை இரண்டும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கையால் மாற்றக்கூடியவை என்பதால், எடையை எளிதாக இறக்கி ஏற்றவும் பாயை எளிதாக மாற்றவும் இடம் தரும் படகைத் தேடுங்கள் என்பதே என் கருத்து.

எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது. 60 மீட்டர் என்றால் 84 கிலோ. 200 லிட்டர் குடிநீர் 200 கிலோ. அதோடு நங்கூரம், கூடுதல் மின்கலங்கள், ரப்பர் தோணி, அதற்கான மோட்டார், கருவிப்பெட்டி, சமையல் சாமான்கள், துணிமணிகள் என்று சேர்த்தால் பயணச் சுமை அரை டன்னை அநாயாசமாகத் தொடும். நாலரை டன் படகில் அரை டன் என்பது ஒன்பதில் ஒரு பங்கு. 35 அடிப் படகு ஒன்று அந்தச் சுமையில் சுமார் 3 செ.மீ. மட்டுமே கூடுதலாக நீரில் அமிழும். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மென்காற்றில் அது நகர மறுப்பதை முதல் பந்தயத்திலேயே உணர்வீர்கள். அந்த எடையின் பெரும்பகுதி முன்முனையில் சங்கிலிப் பெட்டியில் கிடந்தால் ஒவ்வோர் அலையிலும் மூக்கு புதையும். சங்கிலியை நடுப்பகுதிக்கு இறக்கி வைக்க முடியுமா, பயணச் சாமான்களைப் பந்தய நாளில் கரையில் விட்டுச்செல்ல இடமிருக்கிறதா என்பவை சில்லறைக் கேள்விகள் போலத் தோன்றினும், படகின் பெயரைக் காட்டிலும் இவற்றுக்கே மதிப்பு அதிகம்.

அடுத்தது ஆட்பலம். பயணத்தில் நீங்கள் இருவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பாய் பாய்மரத்தைத் தாண்டி வெகுதூரம் பின்னால் வரும் பெரிய ஜெனோவாவாக இருந்தால், ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் அதை இழுத்து இறுக்க வின்ச் எனும் கயிறு இழுக்கும் உருளையில் வலுவான ஆள் ஒருவர் வேண்டும். பாய்மரத்தோடு நின்றுவிடும் சிறிய முன்பாயும் பெரிய முதன்மைப் பாயும் கொண்ட அமைப்பு இருவருக்கு வெகு சுலபம். பின்காற்றில் விரிக்கும் பலூன் போன்ற பெரிய பாயான ஸ்பின்னேக்கரிலும் இதே கதைதான். கழியைப் பாய்மரத்தில் பொருத்தித் தூக்கும் சிமெட்ரிக் ஸ்பின்னேக்கருக்கு முன்தளத்தில் பழகிய கைகள் வேண்டும்; முன்முனையிலிருந்து நீளும் கழியில் கட்டும் அசிமெட்ரிக் ஸ்பின்னேக்கரை இருவரே ஏற்றி இறக்கலாம். 1991இல் வந்த ஜே 105 இந்த உள்ளிழுக்கும் முன்கழியைப் பரவலாக்கிய படகு. ஒற்றையர், இருவர் பந்தயங்களை மனத்தில் வைத்தே உருவான சன் ஃபாஸ்ட் 3200க்கு இரட்டைச் சுக்கான். படகு எவ்வளவு சாய்ந்தாலும் ஒரு சுக்கான் நீரில் ஆழ்ந்திருக்கும்.

உங்கள் மூத்த நண்பர் சொன்னதை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. 1979ஆம் ஆண்டு ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புறப்பட்ட 303 படகுகள் கடும் புயலில் சிக்கி, பந்தயத்தில் கலந்துகொண்ட 15 பேர் உயிரிழந்தனர். அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் முடிவுக்கோட்டைத் தாண்டிய ஒரே படகு ‘அசென்ட்’ என்னும் கான்டெஸா 32தான். ஏறத்தாழ 155 பாகை வரை சாய்ந்தாலும் தானே நிமிரும் ஆற்றலுள்ள வடிவம் அது. ஆனால் அதன் உள்ளறை குறுகியது. நீர்மட்ட நீளம் குறைவு என்பதால் வேகமும் குறைவு. அதைக் கொண்டு பந்தயம் ஓடலாம், படகின் வேகத்துக்கேற்ப நேரத்தைச் சரிக்கட்டும் ஹேண்டிகேப்பில் பரிசும் வாங்கலாம். வேகத்தின் சுகம் வேண்டும் என்பவர்கள் அதில் நெடுநாள் தங்கமாட்டார்கள்.

பழையது என்பதாலேயே எதையும் நம்பிவிடவும் வேண்டாம். 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை பந்தய உலகை ஆண்ட ஐஓஆர் அளவீட்டு விதி, பின்புறம் குறுகி நடுவில் பருத்த படகுகளையும், சிறிய முதன்மைப் பாய்க்கு முன்னே பிரம்மாண்டமான ஜெனோவாவையும் ஊக்குவித்தது. எதிர்காற்றில் அவை அருமையாக ஏறும். பலத்த பின்காற்றிலோ இருபுறமும் உருண்டு சுக்கான் பிடிப்பவரின் உயிரை வாங்கும். அக்காலத்துப் பந்தயப் படகுகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

நீங்கள் சொன்னவற்றுள் என் தேர்வு ஜே 109. ஜே 105 மூன்றரை டன் அளவுள்ள இலேசான படகு. அதன் உள்ளே சராசரி உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்க இயலாது. இரண்டு வாரம் மழை பெய்தால் இல்லறத்தையே சோதித்துவிடும். 109இல் நிமிர்ந்து நிற்கலாம், முன்கழியும் உண்டு. ஃபர்ஸ்ட் 36.7 வசதியில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் அதன் பாயமைப்பு நாலைந்து பேரை எதிர்பார்ப்பது. இருவராகப் போகும்போது அதற்கென்று தனியாகச் சிறிய முன்பாய் ஒன்று தைத்துக்கொள்வது நல்லது.


அடிப்பலகை எழுதியது:

பழைய படகுகளைச் சோதித்து அறிக்கை தருவதே என் தொழில் என்பதால், எந்தப் படகு என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகள் இருபது ஆண்டு கழித்து இரண்டு வெவ்வேறு படகுகளாகிவிடுகின்றன. எனவே எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில் கீல். படகின் அடியில் தொங்கும் அந்த ஈய அல்லது வார்ப்பிரும்புத் துடுப்புதான் பாயின் விசைக்கு எதிராகப் படகை நிமிர்த்தி வைக்கிறது. பந்தயப் படகுகளின் கீல் ஆழமானது, குறுகலானது. அதனால் அது படகோடு சேரும் இடத்தில் விழும் சுமையும் கடுமையானது. 2014 மே மாதத்தில் வட அட்லாண்டிக் கடலில் ‘சீக்கி ராஃபிக்கி’ என்ற ஃபர்ஸ்ட் 40.7 படகின் கீல் கழன்று, படகு கவிழ்ந்து, அதிலிருந்த நால்வரும் மறைந்தனர். விசாரணை நடத்திய பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, முன்பு தரைதட்டியதும் அதன் பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டியது. அவ்வகைப் படகுகளில், உள்ளே தனியாக வார்த்த ஒரு சட்டகத்தைப் பசை கொண்டு அடிப்பகுதியோடு ஒட்டியிருப்பார்கள். ஒட்டு விட்டுப்போனாலும் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதைக் கேட்டு அந்த வகையையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவற்றுள் ஏராளமானவை நலமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் சட்டகம் முழுவதையும் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. குடம் வாங்குபவர் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஒட்டியிருக்கும் இடத்தில் கணீரென்றும், விட்டிருக்கும் இடத்தில் மந்தமாகவும் ஒலி வரும்.

படகு எப்போதாவது தரைதட்டியதா என்று உரிமையாளரைக் கேளுங்கள். பதில் எதுவாயினும் நீங்களே பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் படகின் கீல் பாறையில் மோதும்போது, கீலின் பின்விளிம்பு மேல்நோக்கிப் படகின் அடியைக் குத்துகிறது, முன்விளிம்பு கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே உள்ளே, கீலின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள குறுக்குச் சட்டங்களில் விரிசலோ, பிற்காலத்தில் பூசிய புதுப் பூச்சோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அடிக்குழியில் மட்டும் பளபளவென்று புது வர்ணம் இருந்தால் நான் மகிழ்வதில்லை. படகைக் கிரேனில் தூக்கும் நேரம் அரிய வாய்ப்பு. பட்டைகளில் தொங்கும்போது கீலின் எடை அதன் இணைப்பைக் கீழே இழுக்கும். தாங்கிகளில் இறக்கி வைக்கும்போது படகின் எடை முழுவதும் கீலின் மேல் அமரும். இந்த மாற்றத்தின்போது இணைப்புக் கோடு திறந்து மூடுகிறதா என்று அருகில் நின்று கவனியுங்கள். இரும்புக் கீலில் துரு படர்வது பெரும்பாலும் அழகுக் குறைதான். இணைப்புக் கோட்டிலிருந்து துருநீர் கசிவது வேறு விஷயம். கீல் போல்ட்டுகளுக்குள் நீர் போயிருக்கிறது என்று பொருள். துருப்பிடிக்காத எஃகுகூட, காற்றுப் படாத ஈர இடுக்கில் அரித்துப்போகும்.

இரண்டாவது மேல்தளம். எடையைக் குறைப்பதற்காக இவ்வகைப் படகுகளில் இரண்டு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ வைத்திருப்பார்கள். சிலவற்றில் படகின் உடலே அப்படித்தான். இது நல்ல முறை. ஆனால் யாரோ ஒருவர் புதிதாக ஒரு கொக்கியைப் பொருத்த ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பை எபாக்சிப் பிசினால் அடைக்காமல் விட்டிருந்தால், நீர் உள்ளே இறங்கி மரம் மக்கத் தொடங்கும். பந்தயப் படகின் உரிமையாளர்கள் ஒவ்வொரு பருவத்திலும் எதையாவது இடம் மாற்றிப் பொருத்துகிறவர்கள். ஆகையால் ஓட்டைகள் அதிகம். கைப்பிடிக் கம்பிகளைத் தாங்கும் தூண்களின் அடி, வின்ச்சுகளின் அடி, பாய்மர வடங்களைப் படகோடு பிணைக்கும் தகடுகள் தளத்தைத் துளைத்து வரும் இடம் ஆகியவற்றை மிதித்தும் தட்டியும் ஈரமானியை வைத்தும் பார்க்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுத்த அன்றே அடிப்பகுதியில் ஈரமானி வைத்துப் பயனில்லை. படகு உலர நாள் வேண்டும். செம்பு கலந்த அடிவர்ணத்தின் மேல் வைத்தாலும் அது பொய் சொல்லும். கண்ணாடியிழைக்குள் நீர் ஊடுருவுவதால் அடிப்பகுதியில் எழும் ஆஸ்மோசிஸ் கொப்புளங்களைக் கண்டு பலர் அலறி ஓடுகிறார்கள். அவை செலவு வைப்பவை, விலையைக் குறைக்க உதவுபவை. ஆனால் படகைக் கொல்வது அபூர்வம். ஊறிப்போன பால்சாவுக்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களுக்கு வயது கேளுங்கள். பத்து முதல் பதினைந்து ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பல எதிர்பார்க்கின்றன. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கிட்டு விலை பேசுங்கள். பந்தயப் படகுகள் சிலவற்றில் முறுக்குக் கம்பிக்குப் பதிலாக ஒற்றைத் தண்டு வடங்கள் இருக்கும். அவை நீடித்து உழைக்கும். ஆனால் உலோகக் களைப்பு அவற்றின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசலாக வரும் என்பதால், பாய்மரத்தை இறக்கித் தலைகளில் சாயம் பூசி விரிசல் தேடும் சோதனை செய்ய வேண்டும்.

சுக்கானைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தாங்கிகள் தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். படகைக் கரையேற்றிச் சில நாள் கழித்தும் சுக்கானின் கீழ்முனையிலிருந்து நீர் சொட்டினால் உள்ளே இருக்கும் நுரை ஊறிவிட்டது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்ப வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே உரிமையாளர் அதைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எஞ்சினின் விசை சேயில்டிரைவ் வழியாக அடிப்பகுதியைத் துளைத்து இறங்கும் அமைப்பு என்றால், கடலுக்கும் படகுக்கும் இடையே இருப்பது ஒரு ரப்பர் வளையமே. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வால்வோ பென்டா பரிந்துரைத்திருந்தது. இருபது ஆண்டுப் படகில் ஒருமுறைகூட மாற்றாமல் இருப்பதைப் பார்ப்பது எனக்கு அன்றாடம்.

அறை, அடுப்பு, மெத்தை, மின்னணுக் கருவிகள் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. அவற்றைப் பார்க்க உங்களுக்குச் சர்வேயர் தேவையில்லை.


முதல்காற்று எழுதியது:

அடிப்பலகை ஐயா எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. வாடைக்காற்று அவர்களோடுதான் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு. படகின் பெயரைக் காட்டிலும் எடைக்கே மதிப்பு அதிகம் என்கிறார். பந்தயம் ஓடுபவனுக்குப் பெயர் மிக முக்கியம் என்பேன். ஏனென்றால், உங்கள் நீரில் அதே வகைப் படகுகள் ஐந்தாறு ஓடுகின்றனவா என்பதைப் பொறுத்தே உங்கள் பந்தய வாழ்க்கை அமையும். ஒரே வகுப்புப் படகுகளுக்குள் நடக்கும் போட்டியில் முதலில் வருபவர் முதல்வர்; வாதத்துக்கு இடமில்லை. உங்களைவிட வேகமாக ஓடுபவரிடம் போய், வடத்தை எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டு அதையே உங்கள் படகில் செய்து பார்க்கலாம். படகைத் திருப்பி விற்கும்போதும் வாங்க ஆள் இருக்கும்.

அந்த வாய்ப்பு இல்லையென்றால் ஹேண்டிகேப்தான். எந்த முறை உங்கள் மன்றத்தில் நடக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். பிஎச்ஆர்எஃப் முறையில் ஒவ்வொரு வகைப் படகுக்கும் கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்று ஒரு சலுகை உண்டு. உங்கள் எண் 120, எதிராளியின் எண் 84 என்றால், 10 மைல் பந்தயத்தில் அவர் உங்களுக்கு 360 விநாடி, அதாவது 6 நிமிடம் கடன்பட்டிருக்கிறார். ஐஆர்சி முறையில் ஓடிய நேரத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்குவார்கள். 1.010 எண்ணுள்ள படகு 180 நிமிடத்தில் முடித்தால் கணக்கில் அது 181.8 நிமிடம், 0.980 எண்ணுள்ள படகு 5 நிமிடம் பிந்தி 185 நிமிடத்தில் வந்தாலும் கணக்கில் 181.3 நிமிடமாகிக் கோப்பையை எடுத்துச் சென்றுவிடும். ஆகவே மெதுவான படகு என்று எதையும் இகழ வேண்டாம். தன் எண்ணுக்கு ஏற்றபடி ஓடாத படகைத்தான் தவிர்க்க வேண்டும்: எஞ்சினின் மடங்காத மூன்று இதழ் நிலைச்சுழலியை நீரில் இழுத்துக்கொண்டு போவது, பாசி படர்ந்த அடிப்பகுதி, தொய்ந்த பாய். மடங்கும் சுழலி ஏற்கெனவே பொருத்தப்பட்ட படகு கிடைத்தால் அது இரட்டை லாபம். பயணத்தில் பாயோடும்போதும் அது வேகம் தரும்.

பாய்களைப் பற்றி இதுவரை யாரும் விரித்து எழுதவில்லை. விளம்பரங்களில் “பன்னிரண்டு பாய்களுடன்” என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அவற்றுள் எட்டு, மூட்டையைக்கூட அவிழ்க்காமல் எடுத்து எறியத்தக்கவை. பாலியெஸ்டர் துணியால் தைத்த பாய் பத்து ஆண்டு கழித்தும் படகை நகர்த்தும். ஆனால் அதன் வளைவின் ஆழம் பின்னால் தள்ளிப்போய், படகு முன்னே போவதற்குப் பதில் பக்கவாட்டில் சாயும். இழைகளைப் படலத்துக்குள் வைத்து ஒட்டிய லேமினேட் பாய்கள் வடிவத்தைக் கடைசி வரை காப்பாற்றி, ஒருநாள் திடீரென்று படலம் பிரிந்து உயிரை விடும். முழுப்பாயையும் ஏற்றி, அடிவிளிம்பின் நடுவில் நின்று மேல்நோக்கிப் படம் பிடியுங்கள். வளைவின் மிக ஆழமான இடம் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுத் தூரத்தில் இருந்தால் நன்று. பாதியைத் தாண்டிவிட்டால் அந்தப் பாயைப் பந்தயக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பாயைச் சுருட்டும் ஃபர்லரையும் கவனியுங்கள். இரண்டு தடங்களுள்ள, உருளையைக் கழற்றக்கூடிய ஃபர்லர் இருந்தால், பந்தய நாளில் தளம் வரை இறங்கும் முழுப்பாயையும், பயணத்தில் சூரியத் தடுப்புப் பட்டை தைத்த சுருட்டுப் பாயையும் ஒரே கம்பியில் ஏற்றலாம். இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே படகு என்ற உங்கள் கனவு நனவாவது பெரும்பாலும் இந்த ஒரு கருவியில்தான்.


நெய்தல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு பட்டியல் தானாகவே சுருங்கிவிட்டது. இப்போது ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு படகுகள் எதிரே இருக்கின்றன. ஒன்று, கடுமையாகப் பந்தயம் ஓடிய படகு: இரண்டு பருவமே ஆன லேமினேட் பாய்கள், மடங்கும் சுழலி, வழவழப்பான அடிப்பகுதி; ஆனால் உள்ளே மெத்தைகூட இல்லை, வடங்களின் வயதும் தெரியவில்லை. மற்றொன்று, ஒரு குடும்பம் பயணத்துக்கு மட்டுமே பயன்படுத்தியது: புதிய வடங்கள், நல்ல எஞ்சின், வசதியான அறை, பாய்கள் மட்டும் மிகப் பழையவை. இரண்டுக்கும் கேட்கும் விலை ஏறத்தாழ ஒன்றே. எதன் பக்கம் சாய்வது? முன்பணம் கொடுத்த பிறகு சர்வே செய்வதா, முன்பே செய்வதா?


அடிப்பலகை எழுதியது:

என் தொழில் புத்தி இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. பாய் தேய்ந்துபோகும் பொருள். முதல் படகின் பாய்களும் நீங்கள் பழகி முடிப்பதற்குள் பழையதாகிவிடும், அவற்றுக்கு இன்று கொடுக்கும் பணம் கரைந்து போகும் பணம். இரண்டாவதில் அந்தத் தொகைக்கு உங்கள் ஆட்பலத்துக்கு ஏற்ற முன்பாயை நீங்களே தைத்துக்கொள்ளலாம். ஆனால் பயணப் படகு என்பதாலேயே அது தரைதட்டாதது என்று எண்ண வேண்டாம். தெரியாத நங்கூரத் துறைகளுக்குள் நுழைகிறவர்கள் அவர்கள்தான்.

நேர்மையாகச் சொன்னால், பந்தயப் படகின் உரிமையாளர்களில் பலர் தம் படகைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறவர்கள். முதல் படகை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கு முன், வடங்களை மாற்றிய ரசீது அல்லது பாய்மரம் இறக்கிய ஆண்டு எழுதிய படகுத்தளப் பில் ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வழக்கமான வரிசை இது: விலை பேசி, “சர்வேயும் கடலோட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டும்” என்ற நிபந்தனையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, முன்பணம் கொடுத்து, பிறகு உங்கள் செலவில் உங்கள் சர்வேயரை அமர்த்துவது. விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்யும் சர்வேயர் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தும் வேண்டாம். குறை கண்டால் விலகவும் விலையைத் திரும்பப் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று அந்த எழுத்திலேயே இருக்க வேண்டும். படகின் மேல் கடனோ நிலுவை வரியோ இருக்கிறதா, உடலில் பொறித்த எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒன்றா என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.


வாடைக்காற்று எழுதியது:

நானும் இரண்டாவதற்கே வாக்களிக்கிறேன். முதல்காற்று அவர்கள் வகுப்பைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். நெய்தல் அவர்கள் சொல்லும் வகையில் ஏற்கெனவே ஒரு கூட்டம் அங்கே ஓடுகிறதென்றால் அதற்குமேல் வேண்டியதில்லை.

கடலோட்டத்துக்குக் காற்றுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். கண்ணாடி போன்ற நீரில் எஞ்சினை ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குக் கடலோட்டம் என்று பெயரில்லை. முழுப்பாயில் எதிர்காற்றில் படகை நன்றாகச் சாய்த்து, காற்றுப்படாத பக்கத்து வடங்கள் எவ்வளவு தொய்கின்றன என்று பாருங்கள். அதே சாய்வில் உள்ளே இறங்கி அறைக்கதவுகள் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். படகின் உடல் முறுக்கிக்கொண்டால் கதவு சிக்கும். உங்கள் மனைவியும் வரட்டும். நீங்கள் சுக்கானைப் பிடித்திருக்க, முதன்மைப் பாயின் பரப்பை அவர் ஒருவராகவே ஒரு மடிப்பு மடித்துக் குறைக்க முடிகிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். முடியவில்லையென்றால், மடிப்புக் கயிறுகளைப் பின்தளத்துக்குக் கொண்டுவர ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.